அலை உடையும் இடம்

என் பேத்தி புதுச்சேரியில் படிக்கிறாள். இரண்டு வருடமாக அலைச்சறுக்கு கற்றுக்கொள்கிறாள். பொங்கல் லீவுக்குத் தேவனாம்பட்டினம் வந்தவள், சில்வர் பீச் மணலில் அரை மணி நேரம் வாய் திறக்காமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "தாத்தா, இங்க அலை ஒரே மொத்தமா விழுது. பலகையில ஏறினா ஓட எடமே இல்ல. கடலுக்குள்ள கல்லக் கொட்டி ஒரு பார் கட்டினா நல்ல அலை வருமா?"

நான் கட்டுமரக்காரரின் மகன். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தில் முப்பத்தோரு வருடம் படகில் வேலை பார்த்தவன். வெள்ளாற்று முகத்துவாரத்தில் நான் இறங்காத மணல்திட்டு குறைவு. அப்படியிருந்தும் அவளுக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. "யோசிச்சுச் சொல்றேன் கண்ணு" என்றேன். ஒரு வருடம் யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

'பார்' என்ற சொல்லை அவள் எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வரவில்லை. எங்கள் வீட்டில் கேட்ட சொல்தான். கடலடியில் இருக்கும் பாறைத் திட்டைப் பார் என்போம். பார் இருந்தால் மீன் அடையும். கடலூர்க் கடலின் அடி பெரும்பாலும் மணலும் சேறும். இயற்கையான பார் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாத ஊர்க்காரர்கள் தாங்களே ஒன்றை உண்டாக்கிக்கொண்டார்கள். என் அப்பா காலத்தில் நாலைந்து மரக்காரர்கள் சேர்ந்து மரக்கிளை, பனையோலை, தென்னமட்டை எல்லாவற்றையும் கட்டாகக் கட்டி, கல்லைத் தொங்கவிட்டு, தெரிந்த இடத்தில் இறக்குவார்கள். சில வாரத்தில் பாசி பிடிக்கும், சிறுமீன் ஒதுங்கும், அதைத் தின்ன பெரிய மீன் வரும். தூண்டிலோடு போவார்கள். விஞ்ஞானிகள் செயற்கைப் பவளப்பாறை என்று பேசத் தொடங்குவதற்கு முன்பே தமிழ்நாட்டுக் கரையில் இந்தப் பழக்கம் இருந்தது.

போட்ட இடத்தை மறுபடி கண்டுபிடிப்பதுதான் வித்தை. கரையில் இரண்டு அடையாளத்தை ஒரே கோட்டில் சேர்க்க வேண்டும். வேறு திசையில் இன்னும் இரண்டைச் சேர்க்க வேண்டும். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் நம் பார் இருக்கும். தேவனாம்பட்டினத்துக்கு வெளியே ஒரு பனந்தோப்பும் ஒரு கோயிலும் அடையாளம். தெற்கே பரங்கிப்பேட்டைக் கடலுக்குப் போனால் சிதம்பரம் நடராசர் கோயிலின் நான்கு ஏழுநிலைக் கோபுரங்களும் அடிவானத்தில் நிற்கும். ஆங்கிலேய மாலுமிகளின் பழைய வழிகாட்டி நூல்களிலும் பரங்கிப்பேட்டைக்கு அடையாளம் அந்தக் கோபுரங்கள்தான். சாமி கும்பிடக் கட்டிய கோபுரம் கடலில் இருந்தவனுக்கு வழி காட்டியது. என் அப்பா அந்தப் பக்கம் கை எடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் தூண்டில் போடுவார்.

பிறகு அரசாங்கம் இந்த வேலையைக் கையில் எடுத்தது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் வழிகாட்டுதலில் முக்கோணம், வளையம் என்று கான்கிரீட் வார்ப்புகளைச் செய்து தமிழகக் கரை நெடுக இறக்கினார்கள். மீன் சேர்ந்தது உண்மை. பேத்தி முதலில் நினைத்தது இந்தப் பாரைத்தான். ஆனால் இதனால் மேலே ஓடும் அலைக்கு ஒன்றும் ஆகாது. பதினைந்து, இருபது மீட்டர் ஆழத்தில் ஆள் உயரத்துக் கான்கிரீட் கிடப்பது நம் கடலின் சாதாரண அலைக்குத் தெரியவே தெரியாது. தன் உயரத்தை விடக் கொஞ்சமே அதிகமான ஆழத்துக்கு வரும்போதுதான் அலை உடைகிறது. நான்கடி அலை ஏறத்தாழ ஐந்தடித் தண்ணீரில் உடையும். ஆகவே மீனுக்கான பார் ஆழத்தில் இருக்க வேண்டும், அலைக்கான பார் தண்ணீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழேயே இருக்க வேண்டும். அப்படி மேலே நிற்கும் ஒன்று அலை அடிக்கும் அடியையெல்லாம் வாங்கிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு விஷயம், அலை சரிந்து சரிந்து உடைய வேண்டும். ஒரு முனையில் நுரை தொடங்கி பக்கவாட்டில் ஓடினால்தான் பலகைக்காரன் நுரைக்கு முன்னால் ஓட முடியும். எங்கள் கரையில் நேரான மணற்சரிவு. முழு அலையும் ஒரே நேரத்தில் தரை தட்டி, சுவர் சாய்வது போல விழும். அவள் சொன்ன 'மொத்தமா விழுது' இதுதான்.

அந்த விழும் சுவர் இந்தக் கரையின் சரித்திரத்தையே எழுதியிருக்கிறது. சோழமண்டலக் கரையில் பெரிய கப்பல் ஒதுங்கத் துறைமுகம் கிடையாது. கப்பல் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கும் ஆளும் அலையைத் தாண்டி வர வேண்டும். தாண்ட வைத்தவர்கள் எங்கள் ஆட்கள். ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகு, சலங்கு, கட்டுமரம் இவற்றில்தான் வந்தார்கள். ஆணி அடித்த ஐரோப்பியப் படகு அலையில் தரை தட்டினால் பிளந்துவிடும். தைத்த படகோ வளைந்துகொடுத்துத் தப்பும். 1690இல் ஆங்கிலேயக் கம்பெனி மராத்தியரிடம் எங்கள் ஊர்க் கோட்டையை விலைக்கு வாங்கியது. பீரங்கிக் குண்டு விழும் தூரம் வரை நிலமும் சேரும் என்று பேச்சு. குண்டு விழுந்த எல்லை இன்றும் குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயரில் இருக்கிறது. அப்படி வாங்கிய கோட்டைதான் புனித டேவிட் கோட்டை. பீரங்கியால் நிலத்தை அளந்தவர்களால் அலையை ஒன்றும் செய்ய முடியவில்லை. 1749 ஏப்ரலில் அடித்த புயலில் 'நாமூர்' என்ற அவர்களுடைய பெரிய போர்க்கப்பல் இந்தக் கோட்டைக்கு அருகே மூழ்கி ஐந்நூறுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

அலையில் ஏறி வருவது எங்களுக்குப் புதிதில்லை. அப்பா கரை திரும்பும்போது அலை உடையும் கோட்டுக்கு வெளியே மரத்தை நிறுத்திக் காத்திருப்பார். பெரிய அலை கூட்டமாக வரும். அது போனதும் கொஞ்ச நேரம் கடல் அசரும். அந்த இடைவெளியில் வரும் ஒரு நடுத்தர அலையின் முதுகைப் பிடித்து, பின்முனையில் நின்றபடி துடுப்பைச் சாய்த்துப் பிடித்து, கரை வரை ஒரே ஓட்டமாக வருவார். மரம் திரும்பிவிடாமல் இருக்க முழு உடம்பும் வேலை செய்யும். பத்து வயதில் அவர் காலடியில் குந்தியபடி நானும் வந்திருக்கிறேன். அந்த ஓட்டத்தை இன்றும் வயிற்றில் உணர்கிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் கரையை நிறைத்தன. கட்டுமரத்தோடு அந்த நிற்கும் கலையும் போயிற்று. பேத்தி முதல் தடவை பலகையில் எழுந்து நின்ற வீடியோவைக் காட்டியபோது நான் ஏன் அழுதேன் என்று அவளுக்குப் புரியவில்லை.

சறுக்குபவர்களுக்காகவே பார் கட்டிய கதைகள் உலகத்தில் சில உண்டு. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகருக்கு அருகே 1999இல் கருங்கல்லைக் கொட்டி ஒன்று கட்டினார்கள். அலை வரும் நாளில் அது வேலை செய்கிறது. அதே நாட்டில் கோல்ட் கோஸ்ட்டின் நாரோநெக்கில் மணல் நிரப்பிய பெரும் துணிமூட்டைகளை அடுக்கினார்கள். கரையைக் காப்பதில் பெயர் வாங்கிய அளவுக்கு அது அலையில் வாங்கவில்லை. என் மனதுக்கு நெருக்கமானது கலிபோர்னியாவின் எல் செகுண்டோ கதை. செவ்ரான் எண்ணெய் நிறுவனம் தன் குழாய்களைக் காக்கக் கடலுக்குள் கல்லணை நீட்டியது. அங்கே இருந்த நல்ல அலை கெட்டது. சறுக்குபவர்கள் விடாமல் வாதாடினார்கள். கெடுத்த அலைக்கு நிறுவனம் ஈடு கட்ட வேண்டும் என்று அந்த மாநிலக் கடற்கரை ஆணையம் சொல்லியது. அந்தப் பணத்தில் 2000இல் மூட்டைப் பார் ஒன்று கட்டினார்கள். சின்னதாகப் போனதால் அலை வரவில்லை. மூட்டை கிழிந்தது. சில வருடத்தில் எடுத்துவிட்டார்கள். பார் தோற்றது. ஆனால் அலையும் ஒருவருக்குச் சொந்தமானதுதான், அதைக் கெடுத்தால் பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு அரசு ஒப்புக்கொண்டதே, எங்கள் கரையில் அப்படி யாரும் கேட்டதில்லை. இங்கிலாந்தின் பாஸ்கோம்பில் முப்பது லட்சம் பவுண்டு செலவில் 2009இல் திறந்தது இரண்டே வருடத்தில் சறுக்கத் தகாது என்று மூடப்பட்டது. நியூசிலாந்தின் மவுண்ட் மாங்கனூயியில் கட்டியதைப் பிறகு கலைக்க வேண்டியிருந்தது.

நமக்கு அருகிலேயே ஒன்று நடந்தது. கேரளத்தின் கோவளத்தில், சுனாமி மறுவாழ்வு நிதியில், நியூசிலாந்து ஏ.எஸ்.ஆர். நிறுவனத்தின் வடிவமைப்பில் 2010 தொடக்கத்தில் ஒரு மூட்டைப் பார் போட்டார்கள். கரையைக் காக்கவும் அலை தரவும் என்று இரட்டைக் காரியம். கோவளத்தில் அலைச்சறுக்கு ஏற்கெனவே வேர்விட்டிருந்தது. முதல் மாதங்களில் அந்தப் பாரின் மேல் அழகான அலை உடைந்ததைப் படத்தில் பார்த்திருக்கிறேன். பிறகு தென்மேற்குப் பருவக் கடல் வந்தது. அந்தக் கடல் முன் துணிமூட்டை எத்தனை நாள் நிற்கும்? மூட்டைகள் சேதமாகிக் கோவளத்தின் பேச்சு அலையிலிருந்து வேறு பக்கம் போய்விட்டது.

ஆனால் அவளுக்குக் காட்ட வேண்டிய பாடம் கேரளத்தில் இல்லை. அவள் தினமும் நடக்கும் புதுச்சேரிக் கடற்கரையிலேயே இருக்கிறது.

நம் கரையில் மணல் நிற்பதில்லை, நடக்கிறது. வருடத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வரும் அலை மணலை வடக்கே தள்ளும். அந்த நீரோட்டத்தைத் தெண்டி என்போம். வாடைக் காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்தால் வடக்கு நோக்கித்தான் கணக்கு. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று வாயில் துறைமுகத்துக்காகக் கல்லணைகள் நீட்டினார்கள். மணல் தெற்குப் பக்கமே தேங்கியது. வடக்கே, காந்தி சிலைக்கு முன்னால் இருந்த அகலமான மணற்கரை வருடா வருடம் கரைந்து, கடைசியில் பாறாங்கல் மதில்தான் மிஞ்சியது. மதில் போட்ட இடத்தில் அரிப்பு நின்றது. அதற்கு வடக்கே தமிழ்நாட்டுக் குப்பங்களுக்கு அது நகர்ந்தது. கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி என்று ஒவ்வொரு ஊராகக் கடல் வீட்டு வாசலுக்கு வந்தது. அங்கே எனக்கு உறவுக்காரர்கள் உண்டு. தாத்தா காலத்து வலை காயவைக்கும் மேடு எங்கே என்று கேட்டால் தண்ணீரைக் காட்டுகிறார்கள்.

பாண்டிகேன் போன்ற அமைப்புகள் பல வருடம் போராடிய பிறகு, சென்னையின் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2018இல் புதுச்சேரித் தலைமைச் செயலகத்துக்கு எதிரே ஆப்பு வடிவத்தில் பெரிய எஃகுப் பெட்டகத்தைக் கடலில் இறக்கியது. அது தண்ணீருக்குள் மூழ்கியிருந்து அலையின் வேகத்தைக் குறைத்து, அதன் நிழலில் மணலைத் தங்க வைக்கும். துறைமுகத்தில் தூர்வாரிய மணலையும் கொட்டினார்கள். 2019இல் நான் போய்ப் பார்த்தேன். முப்பது வருடமாகக் கல் மட்டுமே இருந்த இடத்தில் குழந்தைகள் மணல் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். ஏறத்தாழ அதே வருடங்களில் செங்கல்பட்டுப் பக்கம், எங்கள் ஊரின் பெயரையே கொண்ட கடலூர் பெரியகுப்பத்துக்கு முன்னாலும் அந்த நிறுவனம் மண் நிரப்பிய நீள்பைகளைத் தண்ணீருக்குள் அணையாகக் கிடத்தியது.

ஆக, இந்தக் கரையில் மூழ்கிய பார் மணலைக் கொண்டுவருகிறது. அதைத்தான் கண்ணால் பார்த்தேன். ஆனால் கரையைக் காக்கும் பாரின் வேலை அலையைக் கொல்வது. சறுக்கும் பாரின் வேலை அலையை வளர்த்து, சாய்த்து உடைப்பது. ஒரே கல்லை இரண்டுக்கும் கேட்டால் ஒன்றுக்குக் குறை விழும். மேலும் எந்தப் பாரும் இல்லாத அலையைப் பிறப்பிக்காது, வருவதைச் செதுக்கத்தான் செய்யும். தெற்கிலிருந்து வரும் நீண்ட பேரலையை இலங்கை நமக்குக் குறுக்கே படுத்துப் பெருமளவு தடுக்கிறது. வாடையில் வருவது கிட்டத்திலேயே காற்று கிளப்பிய குட்டையான, ஒழுங்கில்லாத அலை. அதை நம்பிக் கோடிக்கணக்கில் கொட்டச் சொல்ல எனக்கு மனம் வராது. அப்படியே கொட்டினாலும், அதன் நிழலில் தேங்கும் மணல் வடக்கே இருக்கும் தாழங்குடாவுக்குப் போக வேண்டிய மணல். என் பேத்தியின் விளையாட்டுக்காக இன்னொரு குப்பத்தின் வாசலைக் கடலுக்குக் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

ஒன்று மட்டும் எனக்கு மறுபடி மறுபடி தோன்றியது. நல்ல அலை பல இடங்களில் மணலால் வந்திருக்கிறது. கோல்ட் கோஸ்ட்டில் ட்வீட் ஆற்று வாயில் அடைத்த மணலை 2001 முதல் குழாய் வழியே மறுபக்கம் இறைத்தார்கள். ஆற்று வாயைத் திறந்து வைக்கவும் கரைக்கு மணல் கொடுக்கவும் செய்த வேலை அது. அந்த மணல் படிந்து உலகமே பேசும் நீண்ட அலை உண்டாயிற்று. அடைபட்ட மணலை அதன் வழியில் அனுப்பியதற்குக் கடல் கொடுத்த கூலி என்று நினைத்துக்கொள்கிறேன்.

இந்தத் தை மாதம் அவள் மறுபடி வந்தாள். விடியற்காலையில் தாழங்குடாவுக்குக் கூட்டிப்போனேன். மழைவெள்ளம் கொண்டுவந்த மணலைத் தென்பெண்ணை தன் வாயில் சாய்வான திட்டாகக் கிடத்தியிருந்தது. அடுத்த மழைக்கு இருக்குமோ இருக்காதோ. அதன் தென்முனையில் அலை முதலில் வெளுத்தது. நுரை வடக்கே ஓடியது, அவசரமில்லாமல்.

"தாத்தா, ஓடுது பாருங்க" என்றாள்.

"பெரிய கூட்டம் போகட்டும். எண்ணிக்கோ" என்றேன்.

பலகையை இடுப்பில் அணைத்தபடி முழங்கால் தண்ணீரில் நின்று எண்ணினாள். கூட்டம் போனதும் கடல் அசர்ந்தது. அப்பா மரத்தைத் தள்ளும்போது போடும் சத்தத்தை நான் கரையிலிருந்து போட்டேன். அவள் துடுப்பு இல்லாத வெறுங்கையால் தள்ளிக்கொண்டு போனாள்.