தண்டல் எழுதாத பின்கதை

‘எலைட்: டேஞ்சரஸ்’ கேமில் ஹட்டன் ஆர்பிட்டல் என்றொரு விண்வெளி நிலையம் உண்டு. ஆல்ஃபா சென்டாரிக்குத் தாவி வந்த பிறகும் அது 0.22 ஒளியாண்டு தள்ளி இருக்கும். கப்பலை அதன் பக்கம் திருப்பிவிட்டு ஒரு மணி நேரத்துக்கும் மேல் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. தூத்துக்குடி வீட்டில் ஒரு லீவு ராத்திரி நான் இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது மாமா எட்டிப் பார்த்தார். இளவயதில் பாய்த்தோணியில் கொழும்புக்குப் போய்வந்தவர்.

“என்ன மருமவனே, அந்தப் புள்ளி நகரவே மாட்டேங்கு?”

“போய்க்கிட்டுத்தான் இருக்கு மாமா.”

“காத்து விழுந்தா தோணியும் இப்பிடித்தான் கெடக்கும்” என்றார்.

தூத்துக்குடியிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 150 கடல் மைல். இன்ஜின் வருவதற்கு முன்னால் அந்தத் தூரத்தைக் காற்றுதான் முடிவுசெய்தது. காற்று செத்துவிட்டால் சரக்கும் ஆட்களும் நடுக்கடலில் காத்துக்கிடக்க வேண்டியதுதான். அந்த வெறுமைக்குள் தோணியை நடத்துகிறவருக்குத் தண்டல் என்று பெயர்.

இந்த வெறுமையை கேம்கள் எப்படிச் சமாளிக்கின்றன? பின்கதையை வைத்துத்தான். 1984இல் டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் முதல் ‘எலைட்’டை உருவாக்கியபோது அவர்கள் கையில் இருந்தது பிபிசி மைக்ரோ கணினியின் 32 கேபி நினைவகம். அதற்குள் 8 விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 கோள்கள். எல்லாம் சில விதை எண்களிலிருந்து ஒரு கணக்கு உருவாக்கியவை, பெயர்கள்கூட. அப்படிப் பிறந்த உலகத்துக்கு மனித வாசனை கிடையாது. அதனால் பெட்டிக்குள் ராபர்ட் ஹோல்ட்ஸ்டாக் எழுதிய ‘தி டார்க் வீல்’ என்ற குறுநாவலையும் வைத்து விற்றார்கள். அப்பாவைக் கொள்ளையர்களிடம் பறிகொடுத்த அலெக்ஸ் ரைடர் என்ற பையனின் கதை. அதைப் படித்துவிட்டு விளையாட உட்கார்ந்தவனுக்கு, திரையில் தெரிந்த வெறும் கோடுகள் ஒரு பையனின் துக்கமாக மாறியிருக்கும்.

நம் கடலுக்கும் பின்கதை உண்டு. ஆனால் அதை எழுதியவர்கள் வேறு ஆட்கள். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ முத்துக்குளிப்பைப் பற்றி எழுதுகிறார். மன்னருக்குப் பத்தில் ஒரு பங்கு, சுறாவை மந்திரத்தால் கட்டுகிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு. பிறகு போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எடுத்த சிப்பிகளை மூன்று குவியலாகப் பிரித்தார்கள். இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்று குளியாளுக்கு. அரசாங்கத்தின் பங்கை ஆயிரம் ஆயிரமாக எண்ணி ஏலம் விட்டார்கள்.

சிப்பிக்குக் கணக்கு இருக்கிறது. காலில் கல்லைக் கட்டிக்கொண்டு 30, 60 அடி ஆழத்துக்கு இறங்கி, ஒரு நிமிடம்போல மூச்சை அடக்கியவனுக்கு? அவன் போனதும் ஒரு விண்வெளிப் பயணம்தான். துணைக்கு ஒரு கயிறு. மேலே அதைப் பிடித்திருக்கும் ஒரு கை. நான் வாசித்த ஆவணங்களில் அவன் ஒரு எண்ணிக்கை மட்டுமே. இத்தனை படகு, இத்தனை குளியாள். புரோகிராமர் புத்திக்கு இது சட்டென்று உறைக்கிறது. விதை எண்ணை மட்டும் சேமித்துவிட்டு மனிதர்களை விட்டுவிட்ட ஃபைல் அது. அந்த எண்ணை வைத்து அவர்களைத் திரும்ப உருவாக்க முடியாது.

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். பாய்த்தோணிகளும் போய்விட்டன. ஜோ டி குருஸ் 2009இல் ‘கொற்கை’ நாவலைக் கொண்டுவந்தபோது இந்த ஊரின் தோணிக்காரர்களுக்குக் குடும்பம், ஆசை, துரோகம் எல்லாம் எழுத்தில் வந்தன. 2013இல் அதற்கு சாகித்ய அகாதமி விருது. ஒரு நாவல் எவ்வளவு பெரிய கரையைச் சுமக்கும்? மிச்சமெல்லாம் இன்னும் வயசானவர்களின் வாயில்தான் இருக்கிறது. அவர்களுக்கு நேரம் அதிகமில்லை.

அன்று ராத்திரி நிலையம் வருவதற்கு இன்னும் 40 நிமிடம் பாக்கி இருந்தது. “ஒங்க தண்டல் பேரு என்ன மாமா?” என்று கேட்டேன். பேரைச் சொன்னார். கேட்காமலேயே அவருடைய அப்பா பேரையும் சொன்னார், அவரும் தண்டலாம். அலெக்ஸ் ரைடரின் அப்பா பெயர் எனக்குப் பல வருஷமாகத் தெரியும். இதை அன்றைக்குத்தான் ஒரு நோட்டில் எழுதிவைத்தேன்.