சிதறிய ஏடுகளின் முகவரி

2009-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் நாள் பிற்பகல், ஜெர்மனியின் கொலோன் மாநகரில், புனித செவெரின் பெயர் தாங்கிய தெருவில் நின்ற நகர வரலாற்று ஆவணக் காப்பகம் சில நிமிடங்களில் சரிந்து வீழ்ந்தது. அருகே சுரங்க இரயில் பாதைக்காகத் தோண்டிய பள்ளத்தின் தடுப்புச் சுவரிலிருந்த குறை வழியே நிலத்தடி நீர் மணலை அரித்துச் சென்றதே காரணம். பணியாளர் எச்சரித்தமையால் காப்பகத்துள் இருந்தோர் பிழைத்தனர். அடுத்த வீட்டில் இருந்த இளைஞர் இருவர் மாண்டனர். ஏடுகளைப் பற்றிப் பேசுமுன் அவ்விருவரை நினைப்பதே முறை.

புதையுண்டவை, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளத்துக்கு அடுக்கியிருந்த ஆவணங்கள். அவற்றுள் மிகப் பழைய பட்டயம் 922-ஆம் ஆண்டினது. உயர்குடியினரின் ஆட்சியை வீழ்த்திய வணிகரும் தொழிற்சங்கத்தாரும் 1396-இல் எழுதிக்கொண்ட நகர உடன்படிக்கை அங்கிருந்தது. புனித பெரிய ஆல்பர்ட் விலங்குகளைப் பற்றித் தம் கைப்பட எழுதிய நூலும் இருந்தது. 1258-இல் பேராயருக்கும் நகரத்தாருக்கும் மூண்ட பூசலைத் தீர்த்த நடுவருள் அவரும் ஒருவர். இரண்டாம் உலகப் போரில் நகரின் பெரும்பகுதி இடிந்தபோதும் காப்பகச் செல்வம் தப்பியது. குண்டுக்குத் தப்பியது பள்ளத்துக்குத் தப்பவில்லை!

2011 வரை இடிபாடுகளிலும் நிலத்தடி நீரிலும் துழாவி, நூற்றுக்குச் சுமார் 95 பங்கை மீட்டனர். நனைந்தவற்றைப் பூஞ்சை பற்றாதவாறு உறையவைத்துப் பின்னர் உலர்த்தினர். மெய்யான இடர் அதன்பின்னரே தொடங்கிற்று. கட்டுக் கலைந்தும் கிழிந்தும் போனவை, ஏறக்குறைய 20 காப்பகங்களில் தஞ்சம் புகுந்திருந்தன. கையிலிருக்கும் துண்டு எந்த நூற்றாண்டினது, எந்தக் கணக்கைச் சேர்ந்தது?

அதற்கு விடையளித்தவை பழைய பட்டியல்கள். கட்டுதோறும் எண்ணிட்டு, பொருளும் ஆண்டும் குறித்து, பெயர் தெரியாத எழுத்தர் பலர் தலைமுறைதோறும் எழுதிவைத்தவை அவை. படிக்கச் சிறிதும் சுவையற்றவை. திருமணச் சான்றுக்காகப் பழைய திருமுழுக்குப் பதிவேட்டைப் புரட்டியவர்க்கு, பெயர் அகரவரிசை இல்லாத ஏடு எத்தகைய காடு என்பது விளங்கும். மீட்ட ஒவ்வொன்றுக்கும் புதிய எண்ணிட்டு, பழைய எண்ணோடு ஒப்புநோக்கி, பிரிந்தவற்றைச் சேர்த்து வருகின்றனர். முன்னரே படமெடுத்து, ஃபிரைபர்க் அருகே மலைச்சுரங்கத்தில் வைத்திருந்த நுண்படச் சுருள்களும் உள்ளன. ஆனால் நுண்படம் எழுத்தைக் காட்டும். தோலையும் மையையும் முத்திரையையும் தாராது.

2021-இல் புதிய காப்பகம் திறக்கப்பட்டது. செப்பனிடும் பணி முடிய இன்னும் பல பத்தாண்டுகள் ஆகும் என்கின்றனர். இன்று தூசு துடைத்துத் துண்டு பொருத்துவோரிற் பலர் அதன் முடிவைக் காணார்.