வேடந்தாங்கல்னு எழுதினா ஏன் உடையுது?

இந்த எபிசோடை ஒரு சின்னப் பரிசோதனையோட ஆரம்பிக்கலாம். லினக்ஸ்ல பைதானைத் திறந்து, டிகின்டர்ல ஒரு விண்டோ போடுங்க. நாலைஞ்சு வரி போதும். அதுல ‘வேடந்தாங்கல்’னு எழுதுங்க. பல கணினிகள்ல ‘வ’ முதல்ல நிற்கும், இரட்டைக்கொம்பு அதுக்குப் பின்னாடி தனியா தொங்கும். செங்கல்பட்டுக்கும் அதே கதிதான். மாமல்லபுரத்துல ‘மா’ தப்பிச்சிடும், ‘பு’ மாட்டிக்கும். ஏரிக்கு வர்ற பறவைகளைக் கணக்கெடுக்க ஒரு ஆப் எழுதலாம்னு உட்கார்ந்தா கொக்கு, நாரை, கூழைக்கடா எல்லாமே உடைஞ்சுதான் வரும்.

இது யார் தப்பு? இதுக்குப் பின்னாடி ரெண்டு வரலாறு இருக்கு.

முதல் வரலாறு விண்டோக்களோடது. ஜான் ஔஸ்டர்ஹவுட், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1988-ல் டிசிஎல் என்ற ஸ்கிரிப்ட் மொழியை உருவாக்கத் தொடங்கினார். 1991-ல் அதோட சேர்த்து டிகே வந்தது. அதுவரை யூனிக்ஸ்ல ஒரு பட்டன் வைக்க பக்கம் பக்கமா சி நிரல் எழுதணும். டிகேல ஒரே வரிதான். 1996-ல் விண்டோஸ், மேக் இரண்டிலும் அது ஓட ஆரம்பிச்சது. ஒரே நிரல், மூணு இயங்குதளம். பைதான் இதைத் தன்னோட சேர்த்துக்கிச்சு, அதுதான் டிகின்டர். தனியா எதையும் தேடி நிறுவாமலே பெரும்பாலும் கையில இருக்கும். அதனால பைதான் படிக்கிற பலரோட முதல் விண்டோ இன்னைக்கும் இதுதான்.

இரண்டாவது வரலாறு நம்ம எழுத்தோடது. தட்டச்சுப் பொறியில கொம்பை முதல்ல அடிச்சு, அப்புறம்தான் மெய்யை அடிப்போம். தொண்ணூறுகளின் இறுதியில் வந்த டிஸ்கி குறியீடும் அதே கண்ணால் பார்க்கும் வரிசையைத்தான் வச்சிருந்தது. எழுத்துருவை மாத்தினா போதும், எந்த மென்பொருள்லயும் தமிழ் ஓரளவு ஓடும்.

யூனிகோட் 1991-லேயே தமிழுக்கு இடம் கொடுத்தது, ஆனா ஒலிக்கும் வரிசையில். ‘வே’ன்னா முதல்ல வகரம், அப்புறம்தான் கொம்பு. தேடவும் வரிசைப்படுத்தவும் இதுதான் நல்லது. அதுக்கு ஒரு விலையும் உண்டு. கொம்பை முன்னால் நகர்த்தணும், ‘கொ’வுக்கு ஒற்றைக்கொம்பையும் காலையும் ரெண்டு பக்கமும் பிரிச்சு வைக்கணும், ‘பு’வுக்குத் தனி வடிவம் எடுக்கணும். இதைச் செய்ய எழுத்துகளைக் கோர்க்கும் ஒரு இயந்திரம் வேணும்.

விண்டோஸ்லயும் மேக்லயும் அந்த வேலையை இயங்குதளமே பெரும்பாலும் பார்த்துக்கும். ஜிடிகேவுக்கு பாங்கோவும் ஹார்ஃபபஸ்ஸும் உண்டு. க்யூடிக்குள்ளேயும் ஹார்ஃபபஸ் இருக்கு. லினக்ஸ்ல டிகே 8.6 மட்டும் வந்த வரிசையிலேயே எழுத்தை ஒவ்வொன்னா வரைஞ்சுட்டுப் போயிடும். ஆங்கிலத்துக்கு அது போதும்.

நான் இதைப் பேச முக்கியக் காரணம் ‘எழில்’. முத்து அண்ணாமலை பைதானில் உருவாக்கிய தமிழ் நிரல்மொழி அது. ‘பதிப்பி’ன்னா திரையில காட்டும், ‘ஆனால்’ன்னா நிபந்தனை. தாய்மொழியிலேயே நிரல் எழுதக் கத்துக்கணும்னு செஞ்சது. அப்படிப்பட்ட மொழிக்கு எடிட்டர்ல கொம்பு இடம் மாறி வந்தா எல்லாமே வீண். எழிலின் எடிட்டர் ஜிடிகேவில் அமைந்தது. கருவிப்பெட்டியைத் தேர்ந்தெடுக்கிறது தமிழுக்கு ருசி சார்ந்த விஷயம் இல்லை, எழுத்தையே காப்பாத்துற விஷயம்.

தன் ஊர்ப்பேரை முதன்முதலா திரையில எழுதிப் பார்க்கிற ஒரு மாணவி, அது உடைஞ்சு வந்தா என்ன நினைப்பா? ‘தமிழ் கம்ப்யூட்டருக்கு ஒத்துவராது’ன்னுதான். டிகே வரைகிற விதம் அவளுக்குத் தெரியாது. அடுத்த நிரலை அவ ஆங்கிலத்துல எழுதிடுவா.

அதனால, கல்லூரி ப்ராஜெக்ட்ல தமிழ் லேபிள் வைக்கப் போறீங்கன்னா, பைக்யூடி, பைசைடு அல்லது ஜிடிகேவை எடுங்க. எதை எடுத்தாலும் முதல் சோதனைக்கு ‘ஹலோ வேர்ல்டு’ வேண்டாம், ‘கொக்கு’ன்னு எழுதுங்க. அது சரியா நின்னா மற்ற எழுத்தும் பெரும்பாலும் நிற்கும்.