முட்டை இறங்கும், ஆம்லெட் இறங்காது

25 காசும் அதற்குக் கீழான நாணயங்களும் 2011 ஜூன் 30-ஓடு செல்லாமல் போயின. நாமக்கல்லில் மட்டும் 5 காசுக்கு இன்னும் மரியாதை உண்டு. முட்டை 5 காசு ஏறியது, 10 காசு இறங்கியது என்று பேப்பரில் வந்துகொண்டே இருக்கும். லாரி ஆபீசில் கணக்கு எழுதிப் பிழைத்த நான் அந்த மூலையைத் தவறாமல் பார்ப்பேன். எனக்குக் கோழிப்பண்ணை எதுவும் இல்லை. டிரைவர்களின் பேட்டா என் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

டிரிப் ஷீட்டில் டீசலுக்கும் டோலுக்கும் ரசீது இருக்கும். சாப்பாட்டுக்குச் சண்டைதான் இருக்கும். "ஏனுங்ணா, இந்தப் பேட்டாவுல ரெண்டு நேரந்தான் சாப்பிட முடியுது. மூணாவது நேரத்துக்கு ஓனர் வீட்டுக்கே வந்தரட்டுங்களா?" என்றார் ஒருவர். ஹோட்டல் விலை ஏறிய சரித்திரத்தை நான் படித்தது இப்படித்தான்.

முட்டைக்கு 1982-க்கு முன் வியாபாரி சொன்னதுதான் விலை. கட்டுப்படியாகாமல் பண்ணைகள் நொடித்தன. பி.வி. ராவ் ஊர் ஊராகக் கூட்டம் போட்டுப் பண்ணையாளர்களைத் திரட்ட, அந்த ஆண்டில் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு பிறந்தது. அதில் நாமக்கல் ஒரு மண்டலம். குழு அறிவிக்கும் விலையிலிருந்து வியாபாரிகள் 'மைனஸ்' என்று ஒரு தொகையைக் கழித்துத்தான் எடுத்துவந்தார்கள்; அந்தத் தகராறு லேசில் ஓயவில்லை. ஆனாலும் ஒரு பொருளின் விலை ஏறுவதும் இறங்குவதும் இத்தனை வெளிச்சத்தில் நடப்பது அபூர்வம்.

அதே முட்டை தோசைக்கல்லில் விழுந்ததும் கதை மாறிவிடும். 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் வந்தது. நாமக்கல்லுக்கு நோய் வரவில்லை, பயம் வந்தது. முட்டை விலை சரிந்தது. புரோட்டா கடைப் பலகையில் ஆம்லெட்டும் கலக்கியும் ஒரு ரூபாய்கூட இறங்கியதாக நான் காணவில்லை. பெயின்டில் எழுதிய பலகை அது. விலை இருக்கும் இடத்தில் மட்டும் ஸ்டிக்கர்மேல் ஸ்டிக்கராக ஏறியிருக்கும். கடைக்காரரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. முட்டை இறங்கிய வாரத்தில் எண்ணெய் ஏறியிருக்கும், மாஸ்டர் கூலி கேட்டிருப்பார். தினம் ஒரு விலை சொன்னால் எந்த வாடிக்கைக்காரர் உட்காருவார்? அதனால் பொறுத்துப் பொறுத்து, சில்லறைத் தொல்லை இல்லாமல் ஐந்து ரூபாயாக ஏற்றிவிடுவார்கள்.

2017 இன்னும் வேடிக்கை. ஜி.எஸ்.டி.யை எதிர்த்து மே 30-இல் தமிழ்நாட்டு ஹோட்டல்கள் கதவடைத்தன. ஜூலையில் ஏ.சி. ஹோட்டலுக்கு 18 சதவீதம், ஏ.சி. இல்லாததற்கு 12 என்று வரி வந்தது. நவம்பர் 15 முதல் இரண்டும் 5 சதவீதமாயின. உள்ளீட்டு வரிச் சலுகை பறிபோனது. அதைக் காரணம் காட்டிப் பல இடங்களில் பில்லின் மேல்பகுதி ஏறியது, கீழ்ப்பகுதி இறங்கியது, கூட்டுத்தொகை அசையவில்லை. அதே நவம்பரில் நாமக்கல் முட்டை 5 ரூபாயைத் தாண்டியது.

2019 டிசம்பரில் வெங்காயம் தங்கமானபோது ஆம்லெட்டில் முட்டைக்கோஸ் வந்தது. பலகையில் அதே விலைதான். என் கணக்கில் அதுவும் விலையேற்றமே.

சர்க்காரும் இதையெல்லாம் எழுதிவைக்கிறது. ஆலைத் தொழிலாளர்களுக்கான விலைவாசிக் குறியீட்டுக்கு சேலம் ஒரு மையம். நாடு முழுமைக்குமான நுகர்வோர் விலைக் குறியீட்டில், 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட வரிசையில், வெளியே வாங்கும் சாப்பாடு, பலகாரம், இனிப்பு வகைக்கு 100 ரூபாயில் 5 ரூபாய் 55 காசு எடை இருந்தது. அரிசி, பருப்போடு உணவுப் பிரிவிலேயே அதை வைத்திருந்தார்கள். 2024-ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய வரிசையில்தான் உணவகமும் தங்குமிடமும் தனிப் பிரிவு ஆயின. நல்ல காரியம். புரோட்டா விலையில் மைதாவைவிடக் கூலியும் வாடகையும் அதிகம்.

கூலியிலும் ஒரு விநோதம். ஹோட்டல் தொழிலாளர் குறைந்தபட்சக் கூலியின் பஞ்சப்படி சென்னை நகர விலைவாசிக் குறியீட்டைப் பார்த்து ஏறுகிறது. மயிலாப்பூரில் விலை ஏறினால் நாமக்கல் மாஸ்டருக்குச் சட்டப்படி படி ஏற வேண்டும். எங்கள் ஆபீஸ் பேட்டாவுக்கு அப்படி எந்தக் குறியீடும் இல்லை. நாலு டிரைவர்கள் சேர்ந்து வந்து வண்டிச் சாவியை மேசைமேல் வைத்தால் அன்றைக்கே ஏறும்.