அரம் திரும்பி வந்த கதை

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவுப் பையன்களுக்கு அரம் பிடிக்கக் கற்றுக்கொடுத்தே தலை நரைத்தவன் நான். துப்பாக்கி சுட்டதில்லை, சுடும் ஆசையும் இல்லை. ஆனாலும் அமெரிக்காவின் 1911 பிஸ்டல் பற்றி எது கிடைத்தாலும் படித்துவிடுவேன். எங்கள் தொழில் செத்துப் பிழைத்த கதை அந்த இரும்பில் இருக்கிறது.

அதை வடிவமைத்த ஜான் மோசஸ் பிரவுனிங், யூட்டா மாநிலத்தின் ஆக்டன் ஊரில் ஒரு துப்பாக்கிக் கொல்லருக்கு மகனாக 1855-இல் பிறந்தவர். 1911 மார்ச்சில் அமெரிக்க ராணுவம் அவருடைய .45 பிஸ்டலைச் சோதித்தது. 6,000 தோட்டாக்கள். சூடு ஏறியபோது தண்ணீரில் முக்கி எடுத்து மறுபடி சுட்டார்கள். ஒருமுறைகூடச் சிக்கவில்லை. அந்த மாத முடிவுக்குள் ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது.

போருக்கான பிஸ்டலில் பாகங்களுக்கு நடுவே கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் வேண்டும். சேறும் மணலும் புகுந்தாலும், சுடும்போது முன்னும் பின்னும் ஓடும் மேல்பாகமான ஸ்லைடு ஓட வேண்டும். ஒரு கம்பெனி செய்த பாகம் இன்னொரு கம்பெனியின் பிஸ்டலில் ராவாமலே உட்கார வேண்டும். இரண்டாம் உலகப் போரில் டைப்ரைட்டர் விற்றுக்கொண்டிருந்த ரெமிங்டன் ராண்டு இந்தப் பிஸ்டலை எட்டு லட்சத்துக்கு மேல் செய்தது. ரயில்வே சிக்னல் செய்யும் யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னல் கம்பெனியும் செய்தது. நம் வீட்டுத் தையல் மெஷினில் பெயர் இருக்கிறதே, அந்த சிங்கர்கூட 500 செய்து கொடுத்தது. யார் செய்தாலும் பாகம் பாகத்தோடு சேர்ந்தாக வேண்டும் என்பதே ஏற்பாடு. ஃபிட்டருக்கு அங்கே வேலையே இல்லை.

அவனைத் திரும்பக் கூப்பிட்டவர்கள் துப்பாக்கி சுடும் போட்டிக்காரர்கள். ஓஹியோவின் கேம்ப் பெர்ரியில் நடக்கும் தேசியப் போட்டியில், 50 கஜத் தொலைவில் இருக்கும் இலக்கின் பத்து மதிப்பெண் வட்டம் மூன்றரை அங்குலம்கூட இல்லை. ஒற்றைக் கையை நீட்டிச் சுட வேண்டும். போருக்கு உதவிய ஆட்டம் இங்கே எதிரியானது.

துப்பாக்கிக் கொல்லர்கள் ஸ்லைடு ஓடும் தண்டவாளங்களைச் சுத்தியலால் இதமாகத் தட்டிப் பரப்பினார்கள். பிறகு ராவி, கிரைண்டிங் பேஸ்ட் தடவி, ஸ்லைடை முன்னும் பின்னும் ஓட்டி ஓட்டி ஆட்டத்தை ஒழித்தார்கள். பேரலின் நுனியைப் பிடிக்கும் புஷ்ஷை அந்தந்தப் பேரலுக்கென்றே இறுக்கமாகப் பொருத்தினார்கள். பேரலின் முதுகிலுள்ள பற்கள் ஸ்லைடின் உள்பள்ளங்களில் சரிசமமாகக் கவ்வுகின்றனவா என்று மை தடவிப் பார்த்து, மை ஒட்டிய இடத்தில் மட்டும் அரம் வைத்தார்கள். நாங்கள் பிரஷ்யன் புளூ தடவிச் செய்யும் அதே வேலை. ஒவ்வொரு குண்டு போனதும் பேரல் இம்மியும் பிசகாமல் அதே இடத்துக்குத் திரும்பினால்தான் குறி நிற்கும்.

1956-இல் ஃபோர்ட் பென்னிங்கில் தொடங்கிய ராணுவத் துப்பாக்கி சுடும் பிரிவு, இந்த வேலைக்கென்றே ஆட்களை வைத்துக்கொண்டது. லூசியானாவின் ஜிம் கிளார்க் தான் செதுக்கியதைத் தானே சுட்டு, 1958-இல் தேசிய சாம்பியன் ஆனார். நீள ஸ்லைடு வேண்டுமென்றால் இரண்டு ஸ்லைடுகளை அறுத்து ஒன்றாகப் பற்றவைப்பார். கலிபோர்னியாவில் ஆர்மண்ட் ஸ்வென்சன், விசையைச் சுற்றியிருக்கும் விசைக்காப்பைச் சதுரமாக்கினார். இடக்கைக்காரருக்கும் எட்டும்படி இருபுறமும் பாதுகாப்புப் பூட்டு வைத்தார்.

1985-இல் ராணுவம் பெரெட்டா பிஸ்டலுக்கு மாறிவிட்டது. இன்று கணினி இயந்திரமே இறுக்கமான பிஸ்டலைக் கடைந்து தருகிறது. குறிக்காக அரம் தேவையில்லை. ஆனாலும் அந்தக் காலத்துச் சதுரக் காப்பு, ஆழ்ந்த நீல மெருகு, கையால் ராவிய பிடி என்று கேட்டு, பல ஆயிரம் டாலர் கொடுத்து, வருடக்கணக்கில் காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மகளைப் பார்க்க டெக்சாஸ் போயிருந்தபோது மருமகனின் நண்பர் அப்படி ஒன்றைக் கையில் கொடுத்தார். பிடியின் முன்வளைவில் அங்குலத்துக்கு 20 கோடு. குறுக்கும் நெடுக்கும் ராவி, குட்டிக் குட்டி வைர முனைகள். நான் பார்த்தது, விசைக்காப்பு பிடியோடு சேரும் மூலையை. அரம் திரும்ப இடமில்லாத அந்த இடத்திலும் எந்தக் கோடும் எல்லையைத் தாண்டவில்லை. ஒரு கோடு சறுக்கியிருந்தால் மொத்த பிரேமும் பாழ்.

புதுத் துப்பாக்கியின் ஓரங்களில் மெருகைத் தேய்த்துவிட்டு, பாட்டன் காலத்தது போல விற்கிறவர்களும் உண்டு. என் கணக்கில் அது வேஷம். பழசாகத் தெரிவது வேறு, பழைய முறையில் செய்தது வேறு. வித்தியாசம் தெரிய வேண்டுமானால் ஸ்லைடைக் கழற்றிப் பேரலின் பற்களைப் பார்த்தால் போதும். எல்லாப் பற்களிலும் ஒரே அளவு தேய்மானத் தடம் இருந்தால், செய்தவன் யாரானாலும் என் வகுப்பில் அவனுக்கு முழு மதிப்பெண்.