மணலில் புதைந்த வண்டி

வேல்ஸ் நாட்டின் தென்மேற்குக் கரையில், கார்மார்த்தன் வளைகுடாவை ஒட்டிப் பெண்டைன் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. அவ்வூரின் முன்னே ஏழு மைல் நீளத்திற்கு மணற்கரை விரிந்து கிடக்கின்றது. கடல் பின்வாங்கும் வேளையில் அம்மணல் ஈரத்தோடு இறுகிப் பாவிய தளம்போல் ஆகிவிடும். விரைந்து வண்டி ஓட்ட இத்தகைய நெடுந்தளம் அக்காலப் பிரித்தானியாவில் அரிது. 1927 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், அக்கரையை அடுத்த மணற்குன்றுகளிடையே குழி ஒன்றைத் தோண்டி, ஒரு பந்தயக் காரை அதனுள் இறக்கி மூடினர். இறந்த மாந்தரைப் புதைப்பதுண்டு. வளர்த்த விலங்கைப் புதைப்பதும் உண்டு. ஓர் இயந்திரத்தைப் புதைத்தது ஏன்? நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து ஓர் ஆசிரியர் அதனைத் தோண்டி எடுத்தது ஏன்? இவற்றிற்கு விடை காண முதல் உலகப் போரின் முடிவிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

1918 நவம்பரில் அப்போர் ஓய்ந்தது. நான்காண்டுகளாக இரவு பகலாய்ப் போர் வானூர்திகளைச் செய்து குவித்த தொழிற்சாலைகள் திடீரென வேலையற்றுப் போயின. செய்து முடித்த வானூர்தி இயந்திரங்களோ கிடங்குகளில் தேங்கின. அவற்றுள் ஒன்றன் வரலாற்றை மட்டும் கூறினால் நிலைமை விளங்கும். அமெரிக்கா போரில் இறங்கிய 1917 ஆம் ஆண்டில், பேக்கார்டு நிறுவனத்தைச் சேர்ந்த ஜெசி வின்சென்ட், ஹால்-ஸ்காட் நிறுவனத்தைச் சேர்ந்த ஹால் என்னும் இரு பொறியாளர்கள் வாஷிங்டன் நகர விடுதி ஒன்றில் அமர்ந்து, ஒரு வாரத்திற்கும் குறைந்த காலத்தில் 'லிபர்ட்டி' இயந்திரத்தின் வரைபடங்களை வகுத்தனர். பன்னிரண்டு உருளைகள், இருபத்தேழு லிட்டர் கொள்ளளவு, ஏறத்தாழ நானூறு குதிரையாற்றல். அவ்வகை இயந்திரங்கள் இருபதினாயிரத்திற்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. போர் முடிந்ததும் அவற்றை வாங்குவார் குறைந்தனர், விலை வீழ்ந்தது.

கொள்ளளவு என்பதை மாணவர்க்கு எளிதில் விளக்கலாம். இயந்திரத்தின் ஒவ்வோர் உருளையிலும் உந்துதண்டு மேலும் கீழும் சென்று வரும்போது அடைக்கும் இடத்தைக் கூட்டினால் கிடைப்பதே அது. இன்று தெருவில் ஓடும் நடுத்தரக் காருக்கு ஒன்றரை லிட்டர் போதும். அத்தகைய பதினெட்டுக் கார்களின் இயந்திரங்களை ஒன்றாக உருக்கி வார்த்தாற்போன்றது லிபர்ட்டி. அதன் சுழற்சி விரைவு குறைவு; ஆனால் இழுக்கும் வலிமை பேரளவு. வானில் சுழல்விசிறியைத் திருப்புவதற்கென அமைந்த அந்த வலிமையைத் தரையில் சக்கரத்திற்குத் திருப்பினால் என்னவாகும் என்னும் எண்ணம் சிலருக்கு எழுந்தது. அவர்களுள் முதன்மையானவர் கவுண்ட் லூயி ஸ்போரோவ்ஸ்கி.

இவர் 1895 ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்தவர். தந்தை போலந்து மரபில் வந்த அமெரிக்கர். தாய் நியூயார்க்கின் பெருஞ்செல்வக் குடும்பமாகிய ஆஸ்டர் குடும்பத்தின் வழித்தோன்றல். தந்தை 1903 இல் பிரான்சு நாட்டின் லா துர்பி மலைப்பந்தயத்தில் மெர்சிடிஸ் வண்டியை ஓட்டி உயிரிழந்தார். 1911 இல் தாயும் மறைந்தார். பதினாறு வயதில் பெற்றோரற்ற அவ்விளைஞரின் கையில் அளவிறந்த செல்வமும், கென்ட் மாவட்டத்தில் கேன்டர்பரி நகருக்கு அணித்தான ஹையம் பார்க் என்னும் மாளிகையும் வந்து சேர்ந்தன. அத்தகைய நிலையில் பலர் சூதாட்டத்திலும் களியாட்டத்திலும் செல்வத்தைக் கரைப்பர். இவரும் செலவாளியே; எனினும் மாளிகை வளாகத்தில் ஒரு பட்டறை அமைத்து அதில் கரி படிந்த கையோடு நின்றவர் என்பதை மறத்தலாகாது. போரில் வான்படையில் பணியாற்றிய கேப்டன் கிளைவ் கேலப் என்னும் பொறியாளர் அவருக்குத் துணையாய் அமைந்தார். பணம் ஒருவருடையது, நுணுக்க அறிவு பெரும்பாலும் மற்றவருடையது. பெயர் என்னவோ செல்வருக்கே வாய்த்தது. வரலாற்றில் இது புதிதன்று.

அவர்கள் செய்த முதல் வண்டி 1921 இல் வெளிவந்தது. போருக்கு முந்திய மெர்சிடிஸ் வண்டியொன்றின் சட்டகத்தில், இருபத்துமூன்று லிட்டர் கொள்ளளவுடைய மேபாக் என்னும் ஜெர்மானிய வானூர்தி இயந்திரத்தைப் பொருத்தினர். உடற்கூட்டைக் கேன்டர்பரி வண்டித் தச்சர்கள் செய்து தந்தனர். 'சிட்டி பேங் பேங்' என்று அதற்குப் பெயரிட்டனர். இயந்திரம் மெல்ல ஓடும்போது எழும் ஒலியே அப்பெயரானது என்பர். வேறு விளக்கங்களும் உண்டு. அவ்வாண்டு ஈஸ்டர் விடுமுறையில் புரூக்லண்ட்ஸ் ஓட்டத்தளத்தில் அது இறங்கிய முதல் நாளிலேயே இரு பந்தயங்களை வென்றது. புரூக்லண்ட்ஸ் 1907 இல் சர்ரே மாவட்டத்தில் சிமெந்தினால் கட்டப்பட்ட வட்டத்தளம். வளைவுகளில் தளமே சுவர்போல் எழுந்து நிற்கும். தொழிற்சாலைகள் பெரும்பொருள் செலவிட்டுச் செய்த பந்தய வண்டிகள் ஓடிய இடத்தில், மாளிகைப் பட்டறையில் பழம்பொருள்களைக் கொண்டு கட்டிய வண்டி முந்தியது கண்டு மக்கள் ஆர்ப்பரித்தனர். மறு ஆண்டில் அதே தளத்தில் அதன் சக்கர உறை வெடித்து, வண்டி நெறிதவறி, தளப் பணியாளர் ஒருவர் விரல்களை இழந்தார். களிப்பைப் பேசுவோர் பெரும்பாலும் இதனைப் பேசுவதில்லை.

அதன்பின் பென்ஸ் வானூர்தி இயந்திரம் பூட்டிய இரண்டாம் வண்டி வந்தது. ஸ்போரோவ்ஸ்கி தம் துணைவியோடும் நண்பர்களோடும் 1922 இல் அதிலேறிச் சகாரா வரை சென்று வந்தார். மூன்றாவதும் வந்தது. குழந்தைகள் விரும்பிப் படிக்கும், 1964 இல் வெளிவந்த பறக்கும் கார்க் கதையை எழுதிய இயன் பிளெமிங், அதன் பெயரை இவ்வண்டிகளிடமிருந்தே எடுத்துக்கொண்டார். கதையினால் பெயர் நிலைத்தது. கட்டியவர்கள் மறைந்து போயினர்.

நான்காவதாக அவர்கள் தொடங்கியதே லிபர்ட்டி இயந்திரம் கொண்ட 'ஹையம் ஸ்பெஷல்'. பழைய பிளிட்சன் பென்ஸ் பந்தய வண்டியின் பற்சக்கரப் பெட்டியை அதற்குப் பொருத்தினர். இயந்திரத்தின் ஆற்றலைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டு செல்ல இருபுறமும் தடித்த சங்கிலிகள் அமைந்தன. மிதிவண்டியில் நாம் காணும் அதே முறை. அவ்வளவு ஆற்றலைத் தாங்கும் வேறு அமைப்பு அந்நாளில் எளிதில் கிட்டாமையால் பழைய முறையே கைகொடுத்தது. வண்டி முழுநிறைவு எய்துமுன், 1924 அக்டோபர் 19 ஆம் நாள், இத்தாலியின் மோன்சா தளத்தில் மெர்சிடிஸ் அணிக்காக ஓட்டிய ஸ்போரோவ்ஸ்கி மரத்தில் மோதி மாண்டார். வயது இருபத்தொன்பது. தந்தை இறந்த நாளில் அணிந்திருந்த சட்டைக்கைப் பொத்தான்களையே மகனும் அன்று அணிந்திருந்தார் என்று ஒரு கதை வழங்குகின்றது. ஊழ்வினைக்குச் சான்று தேடுவோர்க்கு அது சுவையாக இருக்கலாம். மரத்தில் மோதிய விரைவே அவ்விறப்பை விளக்கப் போதுமானது.

உரிமையாளர் மறைந்தபின் அவ்வண்டியை 125 பவுனுக்கு வாங்கியவர் ஜான் காட்பிரே பாரி தாமஸ். ஸ்போரோவ்ஸ்கிக்கும் இவருக்கும் மலைக்கும் மடுவுக்குமுள்ள வேறுபாடு. தாமஸ் 1885 இல் வேல்ஸ் நாட்டு ரெக்சம் நகரில் ஒரு கிறித்துவச் சமயகுருவின் மகனாய்ப் பிறந்தவர். இலண்டனில் பொறியியல் கற்றவர். லேலண்ட் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளராக உயர்ந்தவர். 1920 இல் அந்நிறுவனம் காட்சிக்கு வைத்த 'லேலண்ட் எயிட்' என்னும் உயர்தரக் கார் இவருடைய படைப்பே. பின்னர் உயர்பதவியை விட்டு நீங்கி, புரூக்லண்ட்ஸ் வளாகத்திற்குள்ளேயே ஒரு சிறு வீட்டில் தங்கி, வண்டி கட்டுவதும் ஓட்டுவதுமே வாழ்க்கையாகக் கொண்டார். மணம் செய்துகொள்ளவில்லை. பலவண்ணக் கம்பளிச் சட்டையோடு, தலைக்கவசமின்றி ஓட்டுவது அவர் வழக்கம்.

வாங்கிய வண்டியை அவர் அப்படியே ஓட்டிவிடவில்லை. உந்துதண்டுகளைத் தாமே புதிதாய் வடிவமைத்தார். எரிநெய்யையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர்கள் நான்கினைப் பொருத்தினார். காற்றைக் கிழித்துச் செல்லுமாறு உடற்கூட்டைத் திருத்தினார். 'பாப்ஸ்' என்று செல்லப் பெயரும் இட்டார். 1926 ஏப்ரல் 27 ஆம் நாள் பெண்டைன் மணலில் மணிக்கு 169.30 மைல் விரைவில் ஓட்டி உலகச் சாதனை நிறுவினார். அதற்கு முந்திய சாதனை, அடுத்த மாதமே முறியடிக்கப்படுவோம் என்று அறியாத ஹென்றி சீக்ரேவ் மார்ச்சில் நிகழ்த்திய 152.33 மைல். ஒரே தாவலில் பதினேழு மைல் கூடியது. மறுநாளே தாமஸ் அதனையும் 171.02 மைலாக உயர்த்தினார். கிலோமீட்டர் கணக்கில் இஃது ஏறத்தாழ 275. தொழிற்சாலை ஒன்றன் துணையுமின்றி, இறந்தவர் ஒருவரின் பட்டறையில் பாதி கட்டிய வண்டியை, போர்க்காலத்து மிச்ச இயந்திரத்தோடு 125 பவுனுக்கு வாங்கிப் பெற்ற வெற்றி அது.

வெற்றி நெடுநாள் நிலைக்கவில்லை. 1927 பிப்ரவரி 4 ஆம் நாள், அதே மணலில், மால்கம் கேம்பல் நேப்பியர் வானூர்தி இயந்திரம் பூட்டிய 'புளூபேர்டு' வண்டியில் 174.88 மைலை எட்டினார். நான்கு மைலுக்கும் குறைந்த வேறுபாடு. சீக்ரேவுக்காகச் சன்பீம் நிறுவனம் இரு வானூர்தி இயந்திரங்கள் கொண்ட பெருவண்டியைக் கட்டி வந்ததையும் யாவரும் அறிந்திருந்தனர். காலம் கடந்தால் பாப்ஸுக்கு வாய்ப்பில்லை. உடல்நலம் குன்றியிருந்த நிலையிலும் தாமஸ் மார்ச்சுத் தொடக்கத்தில் பெண்டைன் வந்து சேர்ந்தார். 3 ஆம் நாள், முழு விரைவில் வந்த வண்டி நெறிதவறிக் கவிழ்ந்து மணலில் உருண்டு சறுக்கியது. தாமஸ் அவ்விடத்திலேயே உயிர் நீத்தார். தலையில் பட்ட காயமே இறப்பிற்குக் காரணம். அவருடைய உடல் சர்ரே மாவட்டத்துப் பைபிளீட் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. வண்டி பெண்டைன் மணலில் புதைக்கப்பட்டது. இருபத்தாறு நாள் கழித்து, மார்ச்சு 29 இல், அமெரிக்காவின் டேடோனா கடற்கரையில் சீக்ரேவ் 203.79 மைலை எட்டினார். தாமஸ் அன்று பிழைத்திருந்தாலும் அவருடைய வண்டி அந்த எண்ணை எட்டியிருக்க இயலாது. தனியொருவர் பட்டறையில் உலகச் சாதனைக்கு வண்டி கட்டிய காலம் அவ்வளவில் முடிவுக்கு வரலாயிற்று.

வண்டி புதைந்தது, அதன்மீது சாட்டிய பழி புதையவில்லை. வலப்புறச் சங்கிலி அறுந்து தெறித்துத் தாமஸின் தலையைத் தாக்கியது என்று அனைவரும் நம்பினர். நூல்களிலும் அவ்வாறே எழுதினர். சங்கிலி முறையைத் தேர்ந்தவர்கள் ஸ்போரோவ்ஸ்கியும் கேலப்பும். ஆகவே கட்டியவர்கள் செய்த பிழை ஓட்டியவரைக் கொன்றது என்பது அதன் உட்பொருளாயிற்று. சான்றாக அமையத்தக்க ஒரே பொருள் மணலுக்குள் கிடந்தது.

வடவேல்ஸில் பேங்கர் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் கற்பித்தவர் ஓவன் வின் ஓவன். பழைய வண்டிகளைச் செப்பனிடுவதில் அவருக்கு ஈடுபாடு மிகுதி. பாப்ஸை வெளிக்கொணர வேண்டும் என்று 1960களில் அவர் முனைந்தார். அந்நிலம் அப்போது படைத்துறையின் ஆளுகையில் இருந்தது. அவர்களுடைய இசைவு தேவை. தாமஸின் உறவினர் இசைவும் தேவை. ஒருவர் உயிர்பிரிந்த வண்டியைத் தோண்டுவது கல்லறையைத் தோண்டுவதற்கு ஒப்பாகாதா என்னும் கேள்வி எளிதில் புறக்கணிக்கத்தக்கதன்று. 1927 இல் அதனைப் புதைத்தவர்கள் துயரத்தினால் செய்த செயல் அது. அத்துயரத்திற்கு மதிப்பளித்தல் கடன். ஆயினும் தாமஸின் கல்லறை பைபிளீட்டில் உள்ளது. மணலில் கிடந்தது அவருடைய கைவேலை. ஒரு பொறியாளரின் கைவேலை துருப்பிடித்து அழிவதை அவருக்குச் செய்யும் மரியாதை என்று கொள்வது பொருந்துமா? வேண்டிய இசைவுகளைப் பொறுமையோடு பெற்று, 1969 இல் ஓவன் குழி தோண்டினார்.

வெளிவந்தது கார் அன்று, காரின் எலும்புக்கூடு. உப்புநீர் உடற்கூட்டின் தகடுகளை அரித்துத் தின்றிருந்தது. எனினும் தடித்த எஃகு உறுப்புகள் பல எஞ்சியிருந்தன. ஓவன் அவற்றைத் தம் இல்லத்திற்குக் கொண்டு சென்று, ஒவ்வொன்றாகக் கழற்றி, துரு நீக்கி, மீளாதவற்றைப் புதிதாய்ச் செய்து, ஏறத்தாழப் பதினைந்தாண்டுகள் உழைத்தார். பகலில் வகுப்பு, ஓய்வில் வண்டி. பள்ளி மணி அடித்த பின்னும் பணி முடியாதவர்கள் இவ்வுழைப்பின் அளவை மற்றவரினும் நன்கு உணர்வர். எஞ்சிய உறுப்புகளை ஆராய்ந்தபோது, முதலில் முறிந்தது சங்கிலி அன்று, வலப்புறப் பின்சக்கரமே முதலில் சிதைந்திருக்கக்கூடும் என்னும் கருத்து வலுப்பெற்றது. அவ்வாறாயின் சங்கிலி அறுந்தது விபத்தின் காரணம் அன்று, அதன் விளைவு. நாற்பதாண்டுக்கு மேலாக இருவர்மீது சுமத்திய பழி ஐயத்திற்கு உரியதாயிற்று. இதற்காகவேனும் அக்குழியைத் தோண்டியது தகும்.

லிபர்ட்டி இயந்திரம் மீண்டும் உயிர்பெற்று முழங்கியது. கோடைக்காலங்களில் பெண்டைன் அருங்காட்சியகத்திலும், மற்ற வேளைகளில் புரூக்லண்ட்ஸிலும் பாப்ஸ் பார்வைக்கு வைக்கப்படலாயிற்று. ஓவன் 2012 இல் மறைந்தார். பெண்டைனில் பழைய அருங்காட்சியகத்தை அகற்றி எழுப்பிய புதிய கட்டடம் 2023 இல் திறக்கப்பட்டது. வண்டி ஓடிய மணற்கரை அதன் வாயிலிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ளது.