கலம்காரிப் பட்டுச் சேலை

கைத்தறியில் நெய்த பட்டுச் சேலையின் உடலிலும் முந்தானையிலும் மூங்கில் எழுதுகோலால் படம் வரைந்து, இயற்கைச் சாயம் ஏற்றி உருவாக்குவது கலம்காரிப் பட்டுச் சேலை. ஆந்திரப் பிரதேசத்தில் சுவர்ணமுகி ஆற்றங்கரையிலுள்ள ஸ்ரீகாளஹஸ்தி இக்கைவண்ணத்தின் முதன்மை ஊர்.

வரலாறு

ஸ்ரீகாளஹஸ்தியில் இக்கலை கோயிலுக்குரியதாக வளர்ந்தது. இராமாயண, மகாபாரதக் கதைகளைப் பருத்தித் துணியில் கட்டங்கட்டமாக வரைந்து கோயில்களில் தொங்கவிட்டனர். மசூலிப்பட்டினத்திலோ அச்சுக்கட்டைகளைக் கொண்டு பூங்கொடிகள் பதித்த துணிகள் கடல்வழி வணிகத்துக்காக உருவாயின. சோழமண்டலக் கரையின் சாயத் துணிகள் ஐரோப்பியச் சந்தையை ஈர்த்ததால், உள்நாட்டு நெசவைக் காக்க பிரான்ஸ் 1686இலும் இங்கிலாந்து 1700, 1721ஆம் ஆண்டுகளிலும் இத்தகைய துணிகளுக்குத் தடை விதித்தன.

சேலையில் நெசவும் தீட்டலும் இணைந்த சிறந்த முன்னோடி, தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்காக உருவான கோடாலிகருப்பூர் சேலை. பருத்தியில் சரிகை இழைத்து நெய்து, மெழுகிட்டுச் சாயம் ஏற்றிய இது, 1855இல் அவ்வரசு முடிவுற்றபின் ஆதரவிழந்து மறைந்தது.

நலிந்திருந்த ஸ்ரீகாளஹஸ்தி மரபு, கைவினைக் கலைகளின் ஆதரவாளர் கமலாதேவி சட்டோபாத்யாயின் முயற்சியால் 1950களில் தொடங்கிய பயிற்சி மையத்தில் மீண்டெழுந்தது. கோயில் திரைகளுக்கான தேவை குறைந்த காலத்தில், பருத்தியிலிருந்து பட்டுக்கும், திரையிலிருந்து சேலைக்கும் மாறியது ஓவியர்களின் பிழைப்புக்கு வழிகாட்டியது. ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரி 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. கலம்காரி ஓவியர் ஜொன்னலகட்டா குரப்ப செட்டிக்கு 2008இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

செய்முறை

துணியைக் கடுக்காய்க் கரைசலும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயவைப்பர். பாலின் கொழுப்பு சாயம் பரவாமல் தடுக்கும். புளியங்குச்சிக் கரியால் உருவம் வரைந்தபின், வெல்லத்தோடு இரும்பைப் புளிக்கவைத்த கரைசலால் கோடிடுவர். கடுக்காயின் துவர்ப்பைத் தொட்டதும் அது கருமையாகும். பிறகு அழிக்க முடியாது. வழவழப்பான பட்டில் இப்பணிக்குத் தேர்ந்த கை வேண்டும். படிகாரம் தடவிய இடங்களில் சாயவேர், மஞ்சிட்டி ஆகியவற்றின் சிவப்பு பிடிக்கும், நீலத்துக்கு அவுரி. ஒவ்வொரு நிறத்துக்குப் பின்னும் துணியை ஓடும் நீரில் அலசுவர்.

இன்றைய நிலை

இயந்திரத்தில் அச்சிட்ட துணிகளும் கலம்காரி என்ற பெயரில் குறைந்த விலைக்கு விற்பனையாகின்றன. கையால் வரைந்த கோட்டில் தடிப்பு இடத்துக்கிடம் மாறும். ஒரே உருவம் இருமுறை வந்தாலும் அச்சுப்போல ஒத்திராது. இந்த வேறுபாட்டை அறிந்து, அதற்குரிய விலை தந்து வாங்குவோர் இருக்கும்வரைதான் எழுதுகோல் பிடிக்கும் ஓவியரால் அத்தொழிலில் நிலைக்க முடியும்.